ஒரு பகலுக்குத் திரும்பி வந்தவன்

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கேரளத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது ஒரு நாடகக் குழுவின் வான். உச்சி வெயில். மதியச் சாப்பாட்டுக் களைப்பில் உள்ளே இருக்கும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். திடீரென விழித்துக்கொள்ளும் ஜேம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கி, சோளக் கொல்லையின் நடுவே, நாளாந்தம் நடந்து பழகிய வழியில் போவதுபோலத் தயக்கமின்றி நடக்கிறார். அடுத்த காட்சியில் அவர் ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நிற்கிறார். கொடியில் கிடந்த சாரத்தை எடுத்து உடுத்துகிறார். மாட்டிடம் பேசுகிறார். பார்வையற்ற தாயின் பக்கத்தில் உட்காருகிறார். அவர் வாயிலிருந்து வருவது பிசிறில்லாத தமிழ். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டிலிருந்து காணாமற்போன சுந்தரமாக அவர் மாறியிருக்கிறார்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தின் மர்மம் இப்படித்தான் தொடங்குகிறது. 2022 டிசெம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் விருதைப் பெற்றது. 2023 ஜனவரியில் திரையரங்குக்கும் அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. கேரள அரசு 2022ஆம் ஆண்டின் சிறந்த படமாக அதையும், சிறந்த நடிகராக ஜேம்ஸாக நடித்த மம்முட்டியையும் தேர்ந்தது. எஸ். ஹரீஷ் எழுதிய திரைக்கதை. ராமின் ‘பேரன்பு’க்கு ஒளிப்பதிவு செய்த தேனி ஈஸ்வரின் கமரா. பழனிக்கு அருகே மஞ்சநாயக்கன்பட்டியில் படமாக்கினார்கள். மலையாளப் படம் என்ற பெயர் இருந்தாலும் பாதிக்கு மேல் தமிழிலேயே பேசுகிறது.

இந்தப் படத்தைப் பற்றி அதிகம் கேட்கும் குறை, “ஒன்றும் விளங்கவில்லை” என்பது. சுந்தரத்துக்கு என்ன நடந்தது? செத்துவிட்டானா, ஓடிவிட்டானா? ஜேம்ஸுக்குள் புகுந்தது ஆவியா, மனநோயா, வானுக்குள் கண்ட கனவா? படம் ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. ஆகவே இது படித்தவர்களுக்கான படம், விழாக்களுக்கான படம், சாதாரண சனத்துக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவைக்கிறார்கள். அந்த முடிவு பிழையானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையிலிருந்து கிட்டங்கி தாண்டிச் சவளக்கடை வயல்கள் வரை வாழும் மக்களை விட இந்தப் படத்தை நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள். பதில் இல்லாத மரணம் இங்கு யாருக்கும் புதிதல்ல.

சொல்லப்போனால், இங்கு அதற்குச் சட்டமே இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பல தாய்மார் அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள். ‘இறந்துவிட்டான்’ என்று தாங்களே எழுதிக் கொடுப்பதாக அவர்களுக்கு அது பட்டது. 2016இல் அச்சட்டத்தைத் திருத்தி இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்துவிட்டார் என்றும் அது சொல்லாது, உயிரோடிருக்கிறார் என்றும் சொல்லாது. இல்லை என்பதை மட்டும் உறுதி செய்யும். அதே ஆண்டில்தான் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்கும் ஒரு மனிதனை இந்த நாட்டின் சட்டப் புத்தகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவன் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் லிஜோவின் படம் காட்டுகிறது.

1990ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் போதும். யூலையில் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் உறவினர்கள், தங்கள் ஆட்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து படையினர் கொண்டுபோன 158 தமிழர்களைப் பற்றி அவர்களின் வீட்டாருக்கு இன்றுவரை உறுதியான செய்தி இல்லை. பிறகு 2004 டிசெம்பர் 26. இலங்கையில் சுனாமி மிக அதிக உயிர்களைக் குடித்தது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, காரைதீவு என்று கரை நெடுகப் பலரைக் கடல் திருப்பித் தரவே இல்லை. மையித்து இல்லாத வீட்டில் குளிப்பாட்டவோ கபனிடவோ ஒன்றும் இல்லை. உடல் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகை மட்டும்தான் மிஞ்சியது. கொரோனாக் காலத்தில் உடல்களை வலிந்து எரித்தபோதும், 2021 மார்ச் முதல் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தபோதும், ஊர் மையவாடியில் ஒரு பிடி மண் போட முடியாத துயரம் மறுபடி வந்தது.

இவ்வளவையும் சுமந்தவர்கள் சுந்தரத்தின் வீட்டைப் பார்க்கும்போது கதைச் சிக்கலைத் தேட மாட்டார்கள். தங்கள் வீட்டு முற்றத்தையே பார்ப்பார்கள்.

படத்தின் நடுவில் இருப்பவர் மம்முட்டி என்றாலும் அதன் பாரத்தைச் சுமப்பவள் சுந்தரத்தின் மனைவி பூங்குழலி. ரம்யா பாண்டியன் அந்தப் பாத்திரத்தை ஏறக்குறையப் பேச்சின்றியே நடித்திருக்கிறார். முன்னால் நிற்பவன் முன்பின் தெரியாத ஒரு மலையாளி. நடையும் சொல்லும் வீட்டுப் பொருட்கள் இருக்கும் இடம் தெரிந்த கையும் கணவனுடையவை. அவள் அவனை ஏற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. கதவோரம் நின்று பார்க்கிறாள். அந்தப் பார்வையில் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அடக்கிவைத்த ஆசை அது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை முகத்தில் காட்டக்கூட அவளுக்கு உரிமை இல்லை. படம் அவளை அவன் கைக்குள் தள்ளிவிடவில்லை. தள்ளியிருந்தால் மலிவான பேய்க்கதையாகிப் போயிருக்கும். இன்னொரு பக்கத்தில் ஜேம்ஸின் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். உயிரோடு கண்முன் நடமாடும் கணவனை அவள் இழந்துகொண்டிருக்கிறாள். ஒரே உடலுக்காக இரண்டு பெண்கள் துக்கம் காக்கும் வினோதமான நிலைமை.

இதன் மறுபக்கம் போன்ற கதை ஒன்றை மணி கௌல் 1973இல் ‘துவிதா’வாக எடுத்தார். விஜய்தான் தேதா எழுதிய ராஜஸ்தானிய நாட்டார் கதை. புது மணப்பெண்ணை விட்டு வியாபாரத்துக்குப் போய்விடுகிறான் கணவன். அவள் மீது மோகம் கொண்ட பேய் ஒன்று அவன் உருவெடுத்து வந்து அவளோடு வாழ்கிறது. தான் யார் என்ற உண்மையையும் அவளிடம் சொல்லிவிடுகிறது. அங்கே உடல் கணவனுடையது, உயிர் வேறு. லிஜோவின் படத்தில் உயிர் கணவனுடையது, உடல் வேறு. இரண்டு படங்களும் கேட்பது ஒன்றுதான்: பெண் மணந்தது எதை? இரண்டிலும் தீர்ப்புச் சொல்ல ஊர் ஆண்கள் கூடுகிறார்கள். இரண்டிலும் அவளுக்கு வாக்கு இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேறு கனம் உண்டு. காணாமற்போனவனின் மனைவி எதுவரை மனைவி என்பதைப் பற்றி மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதித்திருக்கிறார்கள். மாலிக்கி மத்ஹபு நான்கு ஆண்டு காத்திருப்பை வைத்தது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பிற்காலக் கருத்து, மரணம் உறுதியாகும் வரை அவள் அவன் மனைவியே என்கிறது. மரணம் உறுதியானால்தான் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்னும் காத்திருப்பு. உறுதியாகாவிட்டால்? காழி நீதிமன்றத்தில் பஸஹ் என்னும் மணவிலக்குக் கேட்டு நிற்க வேண்டும். அப்போது தன் கணவனைப் பற்றி அவள் என்ன சொல்லுவாள்? விட்டுவிட்டுப் போனான் என்றா? போரும் கடலும் கொண்டுபோன கணவன்மாரின் மனைவிகள் இந்தக் கேள்விக்குள் எவ்வளவு காலம் உறைந்திருந்தார்கள் என்பதைக் கிழக்கின் இலக்கியமும் சினிமாவும் இன்னும் முழுதாகப் பேசவில்லை.

இந்தக் கரைக்கு இன்னொரு தனித்தன்மையும் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் குடி தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்குரியது. மணமான ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போகிறான். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சுந்தரத்தின் வீடு அவன் தந்தையின் வீடு. பூங்குழலி அங்கு வாழ வந்தவள். ஆகவே வந்தவன் யார் என்று முடிவு கட்டும் அதிகாரம் மாமனுக்கும் மைத்துனனுக்கும் போகிறது. இதே கதை கல்முனையில் நடந்திருந்தால்? வாசற்படி அவளுடையது. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அவளும் அவள் உம்மாவும் ராத்தாமாரும் பேசித் தீர்மானித்திருப்பார்கள். இந்தக் கரைக்காரர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் கதையை எழுத உட்கார்ந்தால், மஞ்சநாயக்கன்பட்டியில் கிடைக்காத ஒரு கதவு அவருக்குத் திறக்கும்.

பார்வையற்ற தாயிடம் வருவோம். எந்நேரமும் தொலைக்காட்சியின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். படம் தெரியாது, ஒலி மட்டும் கேட்கும். வந்தவனின் முகத்தைப் பார்த்து எல்லாரும் திடுக்கிடும்போது அவளுக்கு மட்டும் தடுமாற்றம் இல்லை. முகம் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. குரலைக் கேட்டு மகன் என்கிறாள்.

இலங்கையில் அவளுக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) படத்தில் ஜோ அபேவிக்ரம நடித்த வன்னிஹாமி. அவரும் பார்வையற்றவர். போர்முனையிலிருந்து மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறது. ஊரார் அடக்கம் செய்கிறார்கள். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்க அந்தப் பணம் தேவை. அவர் மறுக்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைத் தண்டும் கற்களும். கண் தெரியாதவருக்கு மட்டும்தான் அந்தப் பெட்டி பொய் என்று தெரிந்திருந்தது. வன்னிஹாமி சிங்களக் கிராமத்துக் கமக்காரர். ஆனால் மரணச் சான்றிதழை வாங்க மறுத்த தமிழ்த் தாய்மாரும் குருக்கள்மடத்து மண்ணைத் தோண்டக் கேட்கும் முஸ்லிம் குடும்பங்களும் அவருடைய சொந்தக்காரர்கள். இந்த உறவை எந்த அரசியல் மேடையும் இவ்வளவு தெளிவாக இதுவரை சொன்னதில்லை.

அந்தப் படத்தை 2000இல் அரசு தடை செய்தது. போர் நடக்கும்போது படையினரின் மனவுறுதி குலையும் என்பது காரணம். இயக்குநர் உயர் நீதிமன்றம் போனார். 2001இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகே படம் திரைக்கு வந்தது. விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிஸ’வும் இதுபோன்ற எதிர்ப்பைச் சந்தித்தது. போர்நிறுத்த காலத்தில் ஆளரவமற்ற வெளியில் வாழும் ஓர் ஊர்காவல் படையாள், அவன் மனைவி, அவன் சகோதரி. போரும் இல்லை, சமாதானமும் இல்லை. காற்று மட்டும் அடிக்கிறது. உடல்கள் ஒன்றையொன்று தேடுகின்றன, கொலை ஒன்று நடக்கிறது, யாரும் எதையும் விளக்குவதில்லை. 2005இல் கான் விழாவில் முதற்பட இயக்குநருக்கான தங்கக் கமரா விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. நாட்டுக்குள்ளோ பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் படம் என்று தாக்கினார்கள். தமிழ்ப் பக்கமும் சுத்தமில்லை. விதானகேயின் ‘ஒப நத்துவா ஒப எக்க’ ஒரு முன்னாள் சிங்களச் சிப்பாய்க்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவைப் பேசும் படம். 2014இல் சென்னையில் எதிர்ப்புக்குப் பயந்து அதன் காட்சிகளை நிறுத்தினார்கள். கனவுபோல மெல்லப் பேசும் படங்கள்தான் அதிகாரத்தை இப்படி எரிச்சலூட்டுகின்றன. முழக்கத்துக்கு எதிர்முழக்கம் போடலாம். வாழைத் தண்டு கிடந்த பெட்டிக்கு என்ன பதில் சொல்வது?

மார்க்கப் பற்றுள்ள பலர் இந்தப் படத்தில் ஒரு நியாயமான தடையைக் காணக்கூடும். ஒருவரின் ரூஹ், அதாவது உயிர், இன்னொருவர் உடலில் புகும் என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. மௌத்தானவர் மறுமை நாள் வரை பர்ஸக் என்னும் திரைக்கு அப்பால் இருக்கிறார். அங்கிருந்து திரும்ப வழி இல்லை. இந்த நம்பிக்கையை மதித்தே பேச வேண்டும். படமும் ஆவி புகுந்தது என்று எந்த இடத்திலும் நிறுவவில்லை. ஓர் ஏக்கம் எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். திரையின் அப்பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நம்புகிறவருக்குத்தான் அந்த ஏக்கம் இன்னும் கூர்மையாக வலிக்கும்.

பக்கத்துத் தமிழ் ஊர்களில் இந்தக் காட்சிக்கு வேறு வேர் இருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்வதைத் தமிழ்க் கதைகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் மாதரியும் சிறுமிகளின் வாயால் பேசுகிறார்கள். அந்தக் கண்ணகிக்கு வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் சடங்கு நடக்கும்போது, தெய்வமாடுகிறவரின் வாயிலிருந்து வருவது அவருடைய சொல் அல்ல என்று ஊர் நம்புகிறது. ஆகவே ஒரு மனிதன் இன்னொருவராகப் பேசுவதைக் கண்டு இங்கு யாரும் திகைத்துப்போக மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்கிய கலைப்பட உத்தி என்று இதைச் சொல்கிறவர்கள் நம்முடைய பழைய காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். தாய்லாந்தின் அபிசாட்பொங் வீரசேதகுல் எடுத்த ‘அங்கிள் பூன்மி’ 2010இல் கானின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதில் செத்துப்போன மனைவி இராச் சாப்பாட்டு மேசையில் வந்து அமர்கிறாள். வீட்டார் நலம் விசாரிக்கிறார்கள். சாகப்போகும் பூன்மியோ தான் முன்பு கொன்ற கம்யூனிஸ்டுகளை நினைத்து, அந்தப் பாவம்தான் நோயாக வந்ததோ என்கிறான். ஆசியக் கிராமங்களில் இறந்தவர்களோடு பேசுவது அன்றாட வழக்கம். ஐரோப்பிய விழாக்கள்தான் அதைப் பார்த்து வியக்கின்றன.

படம் தொடங்கும் வேளாங்கண்ணிக்கு வடக்கே அதே கரையில் இருப்பது நாகூர். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேறுவது நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில். இரண்டு கரைகளையும் 2004இல் ஒரே காலையில் ஒரே அலைதான் அடித்தது. ஜேம்ஸ் தங்கும் விடுதிச் சுவரில் சாவையும் உறக்கத்தையும் ஒப்பிடும் குறள் எழுதியிருக்கிறது. அதன் பொருளை அவருக்கு விளக்கியும் சொல்கிறார்கள். அந்தக் கரையில் நின்று அதைக் கேட்பது தமிழகத்துப் பார்வையாளருக்கு ஒரு பொருளைத் தரும். நமக்கு வேறு பொருளைத் தரும்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் உயிர் அதில்தான். புதிதாக இசையமைத்து நிரப்புவதற்குப் பதிலாக, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டுகளையும் படவசனங்களையும் கொண்டே காட்சிகளை நெய்திருக்கிறார்கள். சந்துக்குச் சந்து கண்ணதாசன் காலத்துக் குரல்கள். திரையில் ஒருவர் பேசாமல் இருக்க, எங்கோ ஒரு வீட்டில் ஓடும் படம் அவருக்காகப் பேசுகிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த அனுபவத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. நெல் காயும் முற்றத்தில், தையல் இயந்திரத்தின் அருகில், வயல் வாடியின் கம்பில் தொங்கிய சின்ன ரேடியோவில், அந்தப் பாட்டுகள் பகல் முழுக்க ஓடின. சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாயும் சவளக்கடை வட்டைகளில் வேளாண்மை வெட்டு முடிந்து, உச்சிக்கு மேல் சனம் மரநிழலில் சாயும் வேளையில் கேட்பதும் அவைதான். ஒரு மனிதனின் நினைவைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று உலக சினிமா எத்தனையோ வழி தேடியது. லிஜோ ஒரு தமிழ்க் கிராமத்தின் காதைத் திறந்துவிட்டார், போதும் என்று.

கமராவும் அப்படித்தான். பெரும்பாலான காட்சிகளில் அது அசைவதே இல்லை. கதவுச் சட்டம், சன்னல், திண்ணை என்று சட்டகத்துக்குள் சட்டகமாக வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. மனிதர்கள் உள்ளே வருகிறார்கள், போகிறார்கள். வீடு அங்கேயே இருக்கிறது. சவரம் செய்யப்போன இடத்தில் கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையதல்ல என்று சுந்தரம் உணரும் காட்சியில் மம்முட்டி செய்வதை நடிப்பு வகுப்புகளில் காட்டலாம். அதுவரை ஊர்தான் அவனை நம்பவில்லை. அந்த நொடியில் அவனுக்கே தன்மேல் நம்பிக்கை போகிறது. இதில் நடித்த பூ ராமு, படம் திரைக்கு வருமுன்னரே, 2022 ஜூனில் காலமானார். காணாமற்போனவன் திரும்பி வரும் கதையில், மறைந்துவிட்ட ஒரு நல்ல நடிகர் இன்னமும் நடமாடுகிறார்.

இந்த ஊர்களுக்குப் பிடிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. முஹம்மது குட்டி என்ற இயற்பெயர் கொண்ட முஸ்லிம் நடிகரான மம்முட்டி, ஜேம்ஸ் என்ற கிறிஸ்தவராக நடித்து, சுந்தரம் என்ற இந்துவாக மாறுகிறார். படம் இதை ஒரு செய்தியாக்கிக் கொடி பிடிக்கவில்லை. வந்தவன் எந்த மதம், எந்த மொழி என்பதைவிட அவன் தங்கள் வீட்டு ஆளா என்பதே அந்த ஊருக்குக் கவலை. கோபம் இருக்கிறது, கைகலப்பு வரை போகிறது, ஆனாலும் வழி தவறி வந்த அந்த மலையாளக் குழுவை ஊர் தாங்குகிறது. பிரதேச செயலகத்தின் எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் இழுபறிப்படும் கல்முனையில், தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வயல்வரம்பு ஒட்டிக் கிடக்கும் நாவிதன்வெளியில், மற்றவரின் செத்த வீட்டுக் கதையைத் தன் கதையாகப் பேசிப் பார்க்கும் பயிற்சி அவசரமாகத் தேவைப்படுகிறது. சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழரை ஒரு முஸ்லிமும் காத்தான்குடிப் பள்ளிவாசலில் கொல்லப்பட்ட முஸ்லிம்களை ஒரு தமிழரும் தன் வீட்டு மௌத்தாக நினைத்து அழுவது அரிதாகவே நடக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. தமிழ்க் கிராமத்தைப் பழம்பாட்டும் பழஞ்சுவரும் கொண்ட அழகிய காட்சிப்பொருளாகக் காட்டும் ஆசை சில இடங்களில் மிஞ்சிவிடுகிறது. சாதி இருக்கும் ஊர் என்பதே மறந்துபோகிறது. பூங்குழலியின் மௌனம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓரிடத்திலாவது அவளைப் பேசவிட்டிருக்கலாம். காணாமற்போனோருக்காக வீதியோரம் ஆண்டுக்கணக்கில் குந்தியிருந்து குரல் கொடுத்த பெண்களைக் கண்ட நாட்டவருக்கு, ஆண்கள் எழுதிய மௌனம் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

அதனால்தான் இந்தப் படத்தைக் கைபேசியில் தனியே பார்த்து முடித்துவிடக் கூடாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையோ, கல்முனைப் பக்கத்து நூலகமோ, நாவிதன்வெளியில் ஒரு பாடசாலை மண்டபமோ முன்வரலாம். தயாரிப்பாளரின் அனுமதியைக் கேட்டுப் பெற்று ஒரு சிறிய திரையிடல் வரிசையை நடத்துவது பெரிய செலவல்ல. ‘நண்பகல் நேரத்து மயக்க’த்தோடு ‘புரஹந்த களுவர’வையும் ‘சுலங்க எனு பினிஸ’வையும் தமிழ் உபதலைப்போடு காட்ட வேண்டும். சிங்களக் கமக்காரரான வன்னிஹாமியை இந்தக் கரையின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முன்வரிசையில் பேராசிரியர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் கதிரை போடும் வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிடலாம். காணாமற்போனவர்களின் மனைவிமாரையும் தாய்மாரையும், இனம் பாராமல், முதலில் அழைத்து உட்காரவைக்க வேண்டும். பெண்கள் வந்துபோக வசதியான பகற்பொழுதில் நடத்த வேண்டும். படம் முடிந்ததும் விமர்சகர் மைக்கைப் பிடிக்கக் கூடாது. அவர்களிடம் கொடுக்க வேண்டும். பூங்குழலி அந்தக் கதவோரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். இந்தப் படமே பிழை, இப்படி ஒருவன் வந்திருந்தால் நாங்கள் செய்திருப்பது வேறு என்று அவர்கள் சொன்னால், அதையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து வரவேண்டிய படத்துக்கு அதுவே முதல் பக்கமாக அமையலாம்.